முறை தெரியாத பேய்

ஜூலை 8, செவ்.

வெயில். ஆடி பொறக்கவே இல்ல, அதுக்குள்ள காத்து. தல்லாகுளம் ரோட்டு மண்ணு பூரா என் கண்ணுக்குள்ள.

ரேவதி மேடம் போன். கதை ஆப்ல எடிட்டர், சென்னை. என் பேய்க் காதல் தொடரைப் புத்தகமா போடப் போறாங்களாம்! இத்தனை வருஷம் எழுதி முதத் தடவை அச்சுல. புனைபேர்தான், இருந்தாலும் அட்டையில அது என் பேரு. ஆனா வெள்ளிக்குள்ள முடிக்கணும், அதுவும் அவங்க சொல்ற கட்டமைப்புல:

கால்வாசி - பையன் மனுஷன் இல்லையோன்னு சந்தேகம்.
பாதி - உண்மை தெரியணும்.
முக்கால் - பிரியணும். வாசகி அழணும்.
கடைசி - சேரணும். சேந்தே ஆகணும்.

சாம்பார்ல புளி எப்பக் கரைக்கணும்ங்கிற மாதிரி சொல்றாங்க. கேட்டா, "பிரியறதுக்குக் காரணம் பத்தலை."

"அவன் பேய். அவ ப்ளஸ் ஒன். இது பத்தாதா மேடம்?"

"பேயெல்லாம் இப்ப யாருக்கும் பெரிய விஷயமில்லப்பா."

பாதிக் கட்டத்த இன்னைக்கே ஆப்ல ஏத்திட்டேன். சிவராத்திரி. கதாநாயகி இனியா வீட்டோட குலதெய்வம் கும்பிடப் போறா. கூட்டத்துல ஆதிரன், நம்ம பேய். கீழக்குயில்குடி மலையடியில பைக் மோதிச் செத்தவன். அவனுக்கும் அதே கோயில்தான். டியூப்லைட் வெளிச்சத்துல எல்லாருக்கும் நிழல் விழுது, அவனுக்கு இல்ல. எழுதிட்டு நானே கை தட்டிக்கிட்டேன்.

பால் பாக்கெட் வாங்கணும். ஸ்கூல் டெஸ்ட் பேப்பர் இன்னும் திருத்தல.

ஜூலை 9, புத.

கமெண்ட்டைத் திறந்தா ஒரே ஏச்சு. "அய்யய்யோ அண்ணன் தங்கச்சி!" "எழுதுற பொம்பளைக்கு முறை தெரியாதா?" ஒண்ணும் புரியல. யாருக்கு யார் அண்ணன்?

ஸ்கூல்ல நான் எழுதுறது பாண்டியம்மா டீச்சருக்கு மட்டும் தெரியும். ஸ்டாஃப் ரூம்ல காட்டினேன். டீச்சர் டிபன் பாக்ஸை மூடி வச்சிட்டுச் சிரிக்கிறாங்க.

"ஒரே சாமி கும்பிட்டா பங்காளிம்மா. அவன் அவளுக்கு அண்ணன் முறை. கட்டக் கூடாது."

"அவன் பேய் டீச்சர்."

"பேயா இருந்தா இருந்துட்டுப் போறான். முறை வேணாமா?"

எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்ல பூட்டன் காலத்துலயே சர்ச்சுக்கு வந்தாச்சு. அசனத்துல, அதான் சர்ச் விருந்துல, பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவங்களை யார் வேணா கட்டலாம். செத்தவனைக் காதலிக்கலாமாம், பங்காளியக் கூடாதாம். நல்லாருக்கு நியாயம்!

ஜூலை 10, வியா.

தலைவலி. மேடம் ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க: "அவன் சாமியை மாத்திடுங்க." மாத்திட்டேன். இப்ப அவனுக்குத் திருவாதவூர்ப் பக்கம் வேற சாமி. இந்தக் கோயிலுக்கு சும்மா வேடிக்கை பாக்க வந்தான். ஒரு டீ ஆறுற நேரம்கூட ஆகல.

முக்காலுக்கு ஒரு மந்திரவாதியக் கூட்டியாந்து பிரிச்சு விட்டேன். எலுமிச்சம்பழம், சாம்பிராணி எல்லாம் உண்டு. படிச்சா எனக்கே கூசுது. மேடத்துக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.

அம்மா: "ஜெபத்துக்கு வாடி, பேய் எங்கயும் ஓடிராது."

ஜூலை 11, வெள்.

ப்ளஸ் டூ. ஒளியியல் நடத்திட்டு இருக்கேன், கடைசி பெஞ்சுல கார்த்திகா அழுவுறா. டெஸ்க்குக்குக் கீழ போன். புடுங்குனேன். பாத்தா என் கதை! பெல் அடிச்சப்புறம் வெளிய கூப்பிட்டுக் கேட்டேன்.

"இதுல ரெண்டு பேருக்கும் ஒரே சாமி மிஸ். எப்படிச் சேக்கப் போறாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். இன்னைக்குப் பாத்தா சாமியவே மாத்திட்டாங்க."

"அதுக்கா அழுவுற?"

கண்ணத் தொடச்சுக்கிட்டா. அப்புறம்: "எனக்கும் அதான் மிஸ். அவனுக்கும் எனக்கும் ஒரே சாமி. போன வாரம் எங்க வீட்ல அவனை வரச் சொல்லி, எல்லார் முன்னாடியும் அவனை அண்ணேன்னு என்னையக் கூப்பிடச் சொன்னாங்க."

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் மிஸ்."

போனை ஹெச்.எம்.கிட்ட குடுக்கணும். குடுக்கல. அவகிட்டயே குடுத்துட்டேன்.

சாயங்காலம் மந்திரவாதியத் தொரத்திட்டேன். பழைய சாமி திரும்ப வந்தாச்சு. முக்கால்ல இனியா, ஊரே பாத்துட்டு இருக்க, ஆதிரனை அண்ணேங்கிறா. அதைக் கேட்டுட்டு அவன் மலைக்குத் திரும்பிப் போறான், அவ்வளவுதான். எழுதும்போது மூக்கு ஒழுகிருச்சு எனக்கு. ச்சே.

மேடத்துக்கு அனுப்புனேன். உடனே போன். அழுத குரல். "பிரமாதம்பா! சரி, கடைசில எப்படிச் சேர்றாங்க?"

"சேரல மேடம்."

"விளையாடாதீங்க. ஆதிரன் தத்துப்பிள்ளைன்னு ஒரு வரி போடுங்க. பங்காளி இல்லன்னு ஆயிரும்ல?"

அதுவும் முடியும். ஒரே வரிதான். ஆனா அந்தப் புள்ள மூஞ்சி கண்ணு முன்னாடி நிக்குது. அவளுக்கு யாரு வந்து ஒரு வரி போடுவா? மாட்டேன்னுட்டேன்.

"அப்ப புத்தகம் கிடையாது. ஆப்ல வேணா போட்டுக்கங்க."

"சரி மேடம்."

ஆப்ல போட்டேன். அப்புறம் பாத்ரூம் குழாயத் திறந்து விட்டு நல்லா அழுதேன். புத்தகம் போச்சு. கைக்கு வந்தது போச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

ஜூலை 12, சனி

ஸ்பெஷல் கிளாஸ். வெயில் தாங்கல. மின்விசிறி ரெண்டுல ஒண்ணு ஓடல.

கமெண்ட்டுல திட்டு மழை. திட்டட்டும். அவ ஒருத்தி படிச்சாப் போதும்னு இருந்தேன்.

கிளாஸ் முடிஞ்சு கார்த்திகா வந்தா. கண்ணு வீங்கியிருக்கு.

"முடிஞ்சிருச்சு மிஸ் அந்தக் கதை. பிரிச்சு விட்டாங்க. யாரோ ஈவு இரக்கமில்லாத பொம்பள மிஸ்."

"ஏம்மா, நெஜத்துல அப்படித்தானே நடக்குது?"

"நெஜத்துல நடக்குறதுதான் எனக்குத் தெரியுமே மிஸ். கதைதானே. அதுலயாச்சும் சேத்து வச்சிருக்கலாம்ல?"