வெளியே விழுந்த முடிச்சு

மார்கழி, சனி இரவு. ஆந்திராவின் கண்டிக்கோட்டை.

பள்ளத்தாக்கின் விளிம்புக்குச் சற்றுத் தள்ளி எங்கள் பிக்கப் வண்டி நிற்கிறது. கீழே செம்பாறைகளுக்கு நடுவே பென்னாறு. கல்யாணமான பிறகு நாங்கள் வந்த முதல் பயணம். வண்டியிலேயே தூங்க வேண்டும் என்பது என் ஆசை. இவருக்குப் பிடித்திருக்கிறதா என்பதுதான் வழியெல்லாம் என் கவலை. கேட்டால் "பரவால்ல" என்பார். நாளை காலையே சூலூர் திரும்புவதாக ஏற்பாடு.

பொழுது சாய்ந்ததும் குளிர்காற்று எழுந்தது. நான் பின்பக்கம் ஏறிப் போர்வையை விரித்தேன். தினமும் திருப்பூருக்கு நூல் மூட்டை ஏற்றுகிறவர், அதே பழக்கத்தில் தார்ப்பாயைச் சுற்றிலும் இழுத்து இறுக்கிக் கட்டினார். கடைசி முடிச்சும் வெளியேதான் விழுந்தது.

"ஏனுங்க, நீங்க எப்படி உள்ள வருவீங்க?"

"அதத்தான் அம்மணி நானும் யோசிச்சுட்டு நிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நூல் மூட்டை இப்படிச் சிரிக்காது அம்மணி" என்று அவரும் சிரித்தார். அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

முடிச்சுகளை அவிழ்த்து உள்ளே வந்தவர், "நாளைக்கும் இருந்துபோட்டுப் போலாமா?" என்று கேட்டார்.

கொண்டுவந்த அரிசி தீர்ந்துவிட்டதை நான் சொல்லவில்லை.