காளிதாஸ் வடித்த சோறு

காட்டுப்பாளையம்,
திருச்செங்கோடு வட்டம்.
17-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் ஜீவாவும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால், போனில் சொல்கிற மாதிரி "ம், நல்லாருக்கேன்" என்று எழுதி அனுப்பக் கூடாது. அந்தப் பக்கம் போர்வெல் கம்ப்ரஸர் சத்தத்தில் நீங்கள் கத்துகிறீர்கள், இந்தப் பக்கம் அத்தை அடுப்படி வாசலில் நின்று கேட்கிறார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாம் போனில் ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசியிருப்போமா? முதலாளியின் சாமான் லாரி சத்தீஸ்கருக்குக் கிளம்புகிறது என்று டிரைவர் அன்பரசு சொன்னான். ஹேமரும் மிளகாய்த்தூளும் வருகிற லாரியில் இதுவும் வரட்டும்.

ஆயுத பூஜை முடிந்து நீங்கள் போர் போடுகிற ரிக் வண்டியோடு போனதிலிருந்து உங்கள் பைக்கைத் தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறேன். "எங்கயும் போகாத எதுக்கும்மா ஓட்டறே?" என்கிறாள் ஜீவா. பேட்டரி போய்விடும் என்று சொன்னேன். உண்மையில் அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஆகஸ்டில் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது தெருவெல்லாம் லட்டுக் கொடுத்தீர்கள். லட்டுத் தின்றவர்கள்தான் இப்போது சண்டைக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்க அங்கம்மாளைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ரிக்கில் சமைக்கிற காளிதாஸின் பெண்டாட்டிதான், காலனி அங்கம்மாள். அவள் அடுப்புப் பற்ற வைத்த நாளிலிருந்து நம் தெருப் பிள்ளைகள் ஒன்றுகூடச் சாப்பிட வரவில்லை.

நேற்று ஒரு அம்மா வந்தார். "ஏனுங் தலைவியம்மா, எம்புள்ளைக்கு வகுத்து வலிங்க. ஊட்லயே தின்னுட்டு வரட்டுமுங்க."

"தெருப் புள்ளைக அத்தனைக்கும் ஒரே நாள்ல எப்படீங்க வலி வரும்?"

"வருமுங்க. உங்க புள்ளைக்கும் வரும், பாருங்க."

சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற தலைமையாசிரியர் லாசர் சார் நல்ல மனிதர். ஆனால் பயந்தவர். சமையல் ஆளை மாற்றக் கேட்டு அவரே ஒரு தீர்மானம் எழுதி நீட்டினார். "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அமைதியா முடிஞ்சிரும்மா. ரிட்டயர் ஆகிற நேரத்தில எனக்கு எதுக்கு வம்பு?" நான் போடவில்லை. நான் செய்தது சரிதானே?

உங்கள்,
செல்வி

*

ஜக்தல்பூர் பக்கம்
2-12-2024

என் அம்மிணிக்கு,

உன் கடிதத்தைப் பைப் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். பசங்கள் "மேனேஜருக்கு லவ் லெட்டர்" என்று ஒரே கூத்து. ஆமாடா, என்னங்கிறீங்க இப்போ என்றேன்.

இங்கே சிவப்பு மண். துணியெல்லாம் சிவப்பு. போகிற இடத்தில் எல்லாம் தண்ணீரைத் தோண்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சொந்த வீட்டுச் செம்புத் தண்ணீருக்கு மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். மழை வந்து வண்டி யார்டுக்குத் திரும்பும் வரை நான் பாதி ஆள்தான் செல்வி.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. நேற்று காளிதாஸ் அரிசிம்பருப்புச் சாதம் செய்தான். அப்படியே உன் கைப்பக்குவம். "ஏன்டா, எங்கூட்டு அம்மிணிகிட்டப் பாடம் படிச்சயா?" என்று கேட்டேன். "உங்கூட்டு அடுப்படிக்குள்ள நான் எப்படீங் மேனேஜர் வருவேன்?" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தோம்.

பள்ளிக்கூட விஷயத்தில் அவசரப்படாதே. கையெழுத்தும் போடாதே, போட மாட்டேன் என்றும் சொல்லாதே. ஜூன் வரைக்கும் தள்ளு. நான் வந்து பேசிக்கொள்கிறேன். ஊரில் நாளைக்கும் நாம் வாழ வேண்டும்.

ஜீவாவுக்கு முத்தம்.

சிவக்குமார்

*

காட்டுப்பாளையம்
11-12-2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சிரித்தீர்களா? அதில் சிரிக்க என்ன இருந்தது மாமா?

இரண்டு நாள் யோசித்தேன். அங்கம்மாளின் புருஷன் வடித்த சோற்றை ரிக்கில் போகிற இந்த ஊர் அப்பன்மார் வருஷத்தில் எட்டு மாசம் தட்டுத் தட்டாகத் தின்கிறார்கள். பெண்டாட்டி கிண்டிய உப்புமாவைப் பிள்ளைகள் தின்றால் தீட்டு. இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் இங்கே மரியாதை என்று பெயர்.

திங்கட்கிழமையிலிருந்து ஜீவாவைக் கூட்டிக்கொண்டு போய் நானும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வீட்டில் அத்தை என் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். பேச்சும் இல்லை. அங்கம்மாள் நன்றி சொல்வாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை எனக்கு இருந்திருக்கிறது போல. அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க வந்து உக்கார்றதால எனக்கு உப்புமா ருசி கூடுதுங்களா அம்மிணி? புள்ளைகளக் கூட்டியாங்க." சுருக்கென்று இருந்தது. நியாயம்தான்.

பொங்கலுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூனில் வந்து பேச வேண்டாம். "என் மகள் அங்கம்மாள் சமைத்ததைச் சாப்பிடுகிறாள், எனக்குச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கூட்டத்தில் படிக்கிறேன். தலைவி பேச்சை ஒருத்தரும் கேட்பதில்லை, தலைவி வீட்டுக்காரர் பேச்சைத்தான் கேட்கிறார்கள். அது எனக்குக் கேவலமாகத்தான் இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன். நீங்கள் என் பக்கம் நிற்கிறீர்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

உங்கள்,
செல்வி

*

ஜக்தல்பூர் பக்கம்
28-12-2024

செல்விக்கு,

அம்மா போனில் அழுகிறார்கள். நம் தெருப் பெரியவர் பச்சமுத்து ஐயா முதலாளியிடம் பேசியிருக்கிறார். அவர் மகன் இங்கே டிரில்லர் என்பது உனக்குத் தெரியும். முதலாளி என்னிடம், "ஏப்பா சிவா, ஊட்டுப் பொம்பளைய அடக்க முடியாதவன் எப்படிப்பா வண்டிய அடக்குவே?" என்று கேட்டார். எல்லோர் முன்னாலும்.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். நம்பு. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உடம்பு சரியில்லை, தலைவிப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று உன் சார்பில் நானே எழுதிவிட்டேன். கீழே கையெழுத்து மட்டும் போட்டு லாசர் சாரிடம் கொடு. யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் போய்விடும். ஜூனில் வந்ததும் உன்னையும் ஜீவாவையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிறேன். நான்கு நாள் தங்கலாம். யாரும் வேண்டாம், நாம் மட்டும்.

கோபப்படாதே சாமி.

சிவக்குமார்

*

காட்டுப்பாளையம்
12-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு வரி கேட்டேன். ராஜினாமா வந்தது. என் கையெழுத்து ஒன்றைத்தான் மிச்சம் வைத்திருந்தீர்கள். அந்தத் தாளின் பின்பக்கம் ஜீவா கோழி வரைந்து வைத்திருக்கிறாள்.

கூட்டம் முடிந்தது. நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்வேன்?

பச்சமுத்து ஐயா முன் பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "சட்டம் பேசாத அம்மிணி. பொழங்கற மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"ஏனுங்கய்யா, உங்க மகன் ரிக்குல என்னங்க திங்கறாரு?"

"சோறு திங்கறான். வேறென்ன?"

"ஆருங்க வடிக்கறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொழைக்கப் போன எடம் வேற."

"போற எடத்துக்கு வேற வகுறு கொண்டு போறாருங்களா? காளிதாஸ் வடிக்கற சோத்தத்தான் உங்க மகனும் எங்கூட்டுக்காரரும் திங்கறாங்க. நல்லாருக்குதுன்னு எம் புருசன் எனக்கு எழுதியே அனுப்பியிருக்கறாரு!"

பின்னாலிருந்து ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. லாசர் சார் தான் எழுதிய தீர்மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் நம் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

இப்போது நீங்கள் இங்கே இருக்க வேண்டும் மாமா. கோபமெல்லாம் இருக்கட்டும். ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. பைக்கை மட்டும் ஸ்டார்ட் செய்தேன்.

உங்கள்,
செல்வி

*

ஜக்தல்பூர் பக்கம்
25-1-2025

செல்விக்கு,

நீ கூட்டத்தில் பேசியது அன்றைக்கே இங்கே வந்துவிட்டது. ஒவ்வொருத்தனுக்கும் வீட்டிலிருந்து போன். பச்சமுத்து ஐயா மகன் தட்டைத் தள்ளிவிட்டு பிஸ்கட் தின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும். பசியோடு பைப் தூக்க முடியுமா? வேலை நின்றது. முதலாளி என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சமையலுக்கு நம்ம ஆள அனுப்பறேன். அவன ஊருக்கு ஏத்தியுடு."

நான் ஏற்றிவிட்டேன்.

காளிதாஸ் ஏன் என்று கேட்கவில்லை. "தெரியுமுங் மேனேஜர். உலை வெச்சுட்டேன், மத்தியானச் சோத்த வடிச்சுட்டுப் போகட்டுங்களா?" என்றுதான் கேட்டான். வடித்தான். அவன் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் அந்தச் சோற்றைத் தின்றோம். பிஸ்கட் தின்றவனும் தின்றான். நானும் தின்றேன்.

நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு வேலை இருந்திருக்கும். அதையும் நினைத்துப் பார். காளிதாஸ் அன்பரசின் லாரியில்தான் ஊருக்கு வருகிறான். இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

சிவக்குமார்

*

காட்டுப்பாளையம்
6-2-2025

மாமாவுக்கு,

காளிதாஸ் அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று கடிதத்தை நீட்டினார். "உள்ள வாங்க" என்றேன். "வேண்டாமுங்க, மேனேஜர் குடுக்கச் சொன்னாரு" என்றார். வேலையை விட்டுத் துரத்தியவனின் கடிதத்தைத் துரத்தப்பட்டவர் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கிறார். இதைக்கூட வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப உங்களுக்குத் தோன்றவில்லை.

படித்து முடித்து அங்கம்மாளிடம் போனேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எம் புருசன் பேர எடுக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? உங்களுக்குக் கூட்டத்துல ஜெயிக்கோணும். எங்களுக்கு மாசம் ஓடோணும்." அடுத்தவன் பிழைப்பைத் தூக்கிக் கூட்டத்தில் வீசிவிட்டு அதை நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு. அவளிடமும் அண்ணனிடமும் கேட்க வேண்டியதை நேரில் கேட்டுவிட்டேன். அவள் மன்னித்தாளா என்று தெரியாது. மறுநாளும் அடுப்புப் பற்ற வைத்தாள்.

உங்கள் தப்பு வேறு மாதிரி. தெரிந்தே செய்தது. லாசர் சார் சட்டைப்பையில் வைத்த தாளும் நீங்கள் ஏற்றிவிட்ட லாரியும் ஒன்றுதான் மாமா. வேலை கெட்டதற்கு பிஸ்கட் தின்றவன் காரணம். வீட்டுக்குப் போனது சோறு வடித்தவர். மேனேஜர் என்று ஒருத்தர் எதற்கு இருக்கிறார்? முதலாளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஒரு போன் போதுமே.

காளிதாஸ் அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள். முடியாதென்றால் நீங்களும் அந்த வண்டியை விட்டு இறங்குங்கள். இரண்டுமே முடியாதென்றால், மழைக்கு நீங்கள் வரும்போது வாசலில் நான் நிற்க மாட்டேன்.

இதை எழுதுகிற கை உங்களைத் தொட்டு நான்கு மாசம் ஆகிறது. அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

செல்வி

*

பார்மர் பக்கம், ராஜஸ்தான்
9-6-2025

செல்விக்கு,

இது தபாலில் வருகிறது. அன்பரசு இனி என் கடிதத்தைத் தொட மாட்டான், முதலாளி சொல்லிவிட்டார். அந்த லாரி எத்தனையோ தடவை வந்துபோனது. ஒவ்வொரு தடவையும் எழுத உட்கார்ந்து, செய்யாத காரியத்தை என்னவென்று எழுதுவது என்று எழுந்துவிட்டேன்.

ஏப்ரலில் முதலாளியிடம் கேட்டேன். பெரிதாக வசனம் ஒன்றும் பேசவில்லை. காளிதாஸ் இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்றேன். "அப்ப எறங்கிக்க" என்றார். இறங்கிக்கொண்டேன். ராசிபுரத்துக்காரர் ஒருவர் பழைய வண்டி ஒன்றை இங்கே ஓட்டுகிறார். சம்பளம் குறைவு. ஆனால் சமையலுக்கு யார் என்பது மேனேஜர் பொறுப்பு.

காளிதாஸுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அது இருக்கட்டுங்க, சம்பளம் எவ்வளவுங்க?" என்றான். சொன்னேன். "இன்னொண்ணுங்க. எல்லாரும் தின்னதுக்கப்புறம் தனியா உக்காந்து திங்கறது இனி ஆகாதுங்க. எல்லாரோடவும்தான் உக்காருவேன்." இத்தனை வருஷம் அவன் கடைசியில் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கவனித்ததில்லை. சரி என்றேன்.

வந்த முதல் நாள் தட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மறுநாள் ஊருக்கே பஸ் ஏறிவிட்டார்கள். ஆள் பற்றாமல் நானே பைப் தூக்குகிறேன், தோள் வீங்கியிருக்கிறது. அவர்கள் எழுந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். இதைச் செய்ய எனக்கு இத்தனை மாசம் ஆனது.

சொல்லக் கஷ்டமாக இருப்பது இனிமேல்தான். இங்கே மழைக்காலத்திலும் வண்டி நிற்காது. மற்ற ரிக்கெல்லாம் இந்நேரம் திருச்செங்கோடு யார்டுக்குள் வந்திருக்கும். ஊரில் எல்லா வீட்டிலும் ஆம்பளைகள் வந்திருப்பார்கள். நம் வீட்டைத் தவிர. தீபாவளிக்குத்தான் விடுவேன் என்கிறார் புது முதலாளி. அதுவரைக்கும் ஜீவாவிடம் என்ன சொல்வாய்?

அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே போனில் சொன்னேன். போனை வைத்துவிட்டார்கள். உன் தட்டு இன்னும் தனியாகத்தான் இருக்கிறதா? அப்படியென்றால் இன்னொரு தட்டையும் அதோடு எடுத்து வைக்கச் சொல். தீபாவளிக்கு நான் வந்து அதில் சாப்பிடுகிறேன்.

நீ வாசலில் நிற்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று மட்டும் முன்னாடியே எழுதுகிறேன்.

சிவக்குமார்