யோபு ஆகமத்தில் உன் பெயர்

ஆண்ட்வெர்ப், 1611 அக்டோபர் 9

ரோமாபுரியில் வேதம் போதிக்கும் சங்கைக்குரிய தம்பி லாம்பெர்ட்டுக்கு, அக்கா மெக்டெல்ட் தோத்திரம் சொல்லி எழுதுவது.

ஊருக்கு நீ சாமியார். எனக்குத் தம்பிதான், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். இதை உன் மடத்துத் தலைவர் பிரித்துப் படித்த பிறகே உன்னிடம் தருவாராம். படிக்கட்டும். அவருக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார்.

உப்பு மீன் வியாபாரம் குறைவில்லை. கூடை சுமந்தவளுக்கு இப்போது சொந்தக் கிடங்கு இருக்கிறது. கடையைச் சாத்தினால் பேச ஆள்தான் இல்லை.

அப்பாவுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. யோபு ஆகமத்துக்கு நீ எழுதிய விளக்கத்தைத் தினமும் வாசிக்கச் சொல்கிறார். எனக்கு லத்தீன் ஏது? எழுத்துக்கூட்டி ஒப்பேற்றுகிறேன். நடுவே எபிரேய எழுத்துகள், ஆணி அடித்தது மாதிரி. அவை வந்த இடத்திலெல்லாம் "லாம்பெர்ட்" என்று சொல்லிவிட்டேன். பாவமென்றால் அது என் கணக்கில் போகட்டும்.

அப்பா, "என்னடி, அவன் பேரே வந்துட்டு இருக்கு?" என்றார். "அவன் புஸ்தகம், அவன் பேரத்தான் போடுவான்" என்றேன். "திமிரப் பாரு! நான்கூட செஞ்ச பீப்பாய்க்கு ஒரு முத்திரைதான் குத்துவேன்" என்று சிரித்தார். அவர் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் முழுக்க லத்தீன்தான். பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் எங்கடி போயிட்டான்?" என்றார். அதிலிருந்து, எபிரேயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரிக்கு ஒருதரம் உன்னைச் சொல்லிவிடுகிறேன்.

வைத்தியர் கிறிஸ்துமஸ் வரை என்கிறார். இதற்கு முன் இரண்டு முறை ஊருக்கு வர உனக்கு உத்தரவு கிடைக்கவில்லை. இம்முறையும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்கிறேன்; கிடைத்தால் உடனே புறப்படு. இல்லையென்றால் நம் பேச்சில், லத்தீன் கலக்காமல், அப்பாவுக்குப் பத்து வரி எழுது. அது எனக்குத் தடுமாறாமல் வாசிக்க வரும்.

அதில் ஒரு வரி என்னை விசாரித்தும் எழுதிவிடு. "உன்னப் பத்திக் கேட்டிருக்கானா?" என்று அப்பா கட்டாயம் கேட்பார். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆண்டவர் உன் கண்களைக் காப்பாராக.

அக்கா
மெக்டெல்ட்