நீயே சீட்டுப் போட்ட நாள்

என் செல்ல மகள் எஸ்தருக்கு,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சத்தியவேட்டில் நானும் அம்மாவும் நலம். போன மாதம் சென்னையிலிருந்து உன்னோடு வேலை பார்த்த கவிதா வந்திருந்தாள். நீ எங்களிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னாள்.

பிறவியிலேயே பார்வையில்லாத பெண், பஸ் டிக்கெட் போடும் வெப்சைட்டைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குப் போனாய். எப்போது கேட்டாலும் "நல்லா போய்க்கினு இருக்குது நைனா" என்பாய். அங்கே நீ சண்டை போட்டுக்கொண்டிருந்தது எனக்கெப்படித் தெரியும்?

புதுப் பக்கத்தில் இருக்கைகள் வெறும் படங்களாக இருந்தனவாம். திரையை வாசித்துச் சொல்லும் உன் கம்ப்யூட்டர், "படம், படம்" என்று மட்டும் சொன்னதாம். பெண்கள் இருக்கைக்கு ரோஸ் நிறம். அது உனக்கு எப்படித் தெரியும்? இதை வெளியிடக் கூடாது என்று எழுதிக்கொடுத்தாய்.

"கூட வர்றவங்க போட்டுக் குடுப்பாங்க இல்ல?" என்றாராம் மேனேஜர்.

"எங்கூட யாரும் வரல சார். ஊர்லேந்து தனியாத்தான் வந்தேன். பக்கத்துல உக்காரப்போறது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாம நான் எப்படி பஸ் ஏறுவேன்?"

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, யோசித்துப் பேசு என்றாராம். நீ யோசித்துவிட்டு, மறுநாளும் அதையே எழுதிக்கொடுத்தாயாம்! கவிதா சொல்லக் கேட்டு என் நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தப் பக்கத்தை எழுதியவள் கவிதாதான். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இருக்கையையும் பேசவைத்தாள். வாசித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துபோகாதபடி பணம் கட்டும் பக்கத்தில் கூடுதல் நேரமும் வைத்தாளாம். கடைசியில் மேனேஜரே எல்லோரையும் கூப்பிட்டு, "எஸ்தர் போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் வெளியிடலாம்" என்றாராம்.

அன்றைக்குத்தானே எனக்கு ஃபோன் செய்தாய்?

"நைனா, திருப்பதிக்கு நானே சீட்டுப் போட்டுட்டேன்."

"யாரும்மா போட்டுக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல நைனா. நான்தான்!"

கண்டக்டராக இருந்து ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தவன் நான். அந்த ஒரு டிக்கெட்டுக்குப் பெருமைப்பட்டதுபோல் எதற்கும் பட்டதில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் உன் தங்கையைப் பார்க்கத் திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போனேன். பெங்களூர் பஸ். பக்கத்து வரிசை ஜன்னலோரம் வெள்ளைக் கோலோடு ஒரு பெண், வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகிறவள். சீட்டு யார் போட்டது என்று கேட்டேன்.

"நானேதாங்க. லேடீஸ் சீட்டா, ஜன்னல் சீட்டான்னு ஃபோனே சொல்லுதே!"

"அத அப்படிப் பேசவெச்சது எம்பொண்ணும்மா."

"நிஜமாவா? அக்கா பேரு என்னா?"

சொன்னேன். அவள் உன் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நீ இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், இல்லையா?

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் உன்னைப்பற்றிப் பேச வரச்சொல்லிக் கவிதா கூப்பிட்டிருக்கிறாள். என்னை யாரென்று அறிமுகம் செய்வது என்று கேட்டாள். கண்டக்டர் என்பதெல்லாம் எதற்கு, உன் பேரைச் சொன்னால் போதும் என்றேன். பாதியில் நிறுத்தாமல் முழுக்கப் பேசிவிட்டுத்தான் இறங்குவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
எஸ்தரோட நைனா