முதலிடத்தில் இருந்த பக்கம்

மார்ச் 4, புதன்

காதுமெஷின் கடைக்காக ஜனவரியில் நான் எழுதிய பக்கம் இன்று இணையத் தேடலில் முதலாவதாக வந்துவிட்டது. 'காது அடைப்பா? பத்தே நாளில் தானாகச் சரியாகும்!' எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் 'முதலிடம்' என்றே பெயர். வேறு சொல் அவர் வாயில் வராது. எழுந்து நின்று கைதட்டினார். "கடைக்காரங்க எதுக்கு நம்மகிட்ட வர்றாங்க? இதுக்குத்தான்!" என்றார்.

இருபத்தைந்து நிமிடத்தில் எழுதியது. நாலு தளங்களைத் திறந்துவைத்து வாக்கியங்களை முன்னே பின்னே புரட்டிப் போட்டேன். அந்தப் 'பத்து' எதிலும் இல்லை. தலைப்பில் எண் இருந்தால் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நானாகப் போட்டது. காதைப் பற்றி எனக்கென்ன தெரியும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

கைதட்டல் இனித்தது. அதை மறைப்பானேன்.

மார்ச் 9, திங்கள்

ஒன்பது கட்டுரை. பல்வலி, முடி கொட்டுதல், தரைவிரிப்பு, மறுபடி பல்வலி. விரல் வலிக்கிறது. அதற்கும் ஒன்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று "அத்தான்" என்று கூப்பிட்டால், அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

"பன்னெண்டு நாளா இடது காது கேக்கல. காலையில எந்திரிச்சப்பவே அப்படி. டாக்டர்கிட்ட போலாம்னா கேட்டாத்தானே" என்றாள் அக்கா.

"போன்ல பாத்துட்டேன்டி. பத்து நாள்ல தானா சரியாயிடுமாம். ரெண்டு நாள் கூட ஆகுது, அவ்வளவுதான். காதுமெஷின் கடைக்காரனே போட்டிருக்கான், அவனுக்குத் தெரியாததா?"

கைபேசியை வாங்கிப் பார்த்தேன். என் வரிகள். என் ஆச்சரியக்குறி.

"நாளைக்கே டாக்டரப் பாருங்க அத்தான்" என்று மட்டும் சொன்னேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 23, திங்கள்

நானும் கூடப் போனேன். காது டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "இது அடைப்பு இல்லீங்க, நரம்பு. முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா கேக்கற சக்தி ஓரளவு திரும்ப நல்ல வாய்ப்பு இருந்துச்சு. இப்பவும் மாத்திரை தரேன். ஆனா உறுதி சொல்ல முடியாது. யார் உங்களப் பொறுக்கச் சொன்னா?"

"போன்ல போட்டிருந்துச்சு டாக்டர்."

"எழுதினவங்க ஒருநாளாவது என் நாற்காலியில வந்து உக்காரணும்" என்றார்.

நான் சுவரில் இருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதியவள். உள்ளே என்னென்ன இருக்கிறதென்று இன்றுதான் முழுசாகப் பார்க்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி முதலிடத்திடம் கேட்டேன்.

"முதல்ல நிக்கறத யாராவது எடுப்பாங்களா? கீழதான் 'மருத்துவரை அணுகவும்'னு ஒரு வரி இருக்கே!"

இருக்கிறது. கடைசியில், பொடி எழுத்தில்.

"அது தப்பு சார். ஆளுங்க நம்பிப் படிக்கிறாங்க."

"நம்பறதாலதான் முதல்ல நிக்குது. போ, போய் வேலையப் பாரு."

போய்க் கணக்கைப் பார்த்தேன். இந்த மாதம் மட்டும் அந்தப் பக்கத்தைப் பதினோராயிரத்து நானூறு பேர் படித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அத்தான். மீதிப் பேர்?

ஏப்ரல் 6, திங்கள்

மாத்திரை முடிந்தது. மறுபடி சோதித்தார்கள். இடது காதில் கேட்கும் சக்தி திரும்பவில்லை. இனித் திரும்பாதாம்.

மாலையில் அத்தானின் பட்டறைக்குப் போனேன். இன்ஜின் மூடியைத் திறக்காமலே, ஓடவிட்டுக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அதற்காகவே தூரத்திலிருந்தும் வண்டி வரும். இன்று ஒரு வண்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். வலப்பக்கம் கழற்றினார். கோளாறு இடப்பக்கம் இருந்தது.

"சத்தம் கேக்குது. எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல" என்றார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே. சிரிக்கப் பார்த்தார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன். முதலில் அக்காவிடம். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா? நீயா எழுதின? சரியா தப்பான்னு பாக்காமலா எழுதுவ?" மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் படிப்பேன்னு தெரிஞ்சிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பியா?"

"ஆமா அத்தான்."

"அப்ப மத்தவங்களுக்குன்னா எப்படி வேணும்னாலும் எழுதலாமா?"



ஏப்ரல் 8, புதன்

காதுமெஷின் கடை அம்மாவிடம் நேரே போய்விட்டேன். அவர் பெயரில் இருக்கும் நாற்பதில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லையாம். நான் படித்துக் காட்டக் காட்ட அவர் முகம் வெளுத்தது. "என் கடை பேர்லயா? ஐயோ, என்னை நம்பித்தானே வர்றாங்க!"

மத்தியானத்துக்குள் பக்கத்தை எடுக்க வைத்தார். சாயங்காலத்துக்குள் முதலிடம் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்.

மே 20, புதன்

கடை அம்மா என்னையே திருத்தி எழுதச் சொன்னார். ஒரே பக்கம், ஒன்பது நாள். டாக்டர் அம்மா மூன்று முறை அடித்துத் திருப்பிக் கொடுத்தார். முதல் வரி இப்படி: 'ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால், இன்றே மருத்துவரிடம் போங்கள்.' தேடலில் இருபத்தேழாவது.

முதலில் நிற்பது எது? என் பழைய பக்கம்தான். எவனோ நகலெடுத்துத் தன் தளத்தில் போட்டிருக்கிறான். பத்து நாள், ஆச்சரியக்குறி, எல்லாம் அப்படியே. இன்னும் மூன்று தளங்களிலும் இருக்கிறது. நாலு பேருக்கும் எழுதினேன். பதில் இல்லை. நானும் அப்படித்தானே நாலு பேருடையதை எடுத்தேன்.

ஜூன் 2, செவ்வாய்

ஒருவன் எடுத்துவிட்டான். மூன்று பாக்கி. எங்கள் பக்கம் பத்தொன்பதாவது.

ஜூன் 14, ஞாயிறு

இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். போனில் "வா" என்றாள், வேறெதுவும் பேசவில்லை. போய் அத்தானுக்கு இடப்பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டறை எப்படிப் போகிறது என்று அத்தானைக் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுபடி கேட்டேன். பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா எட்டி அவர் கையைத் தொட்டு, என்னைக் காட்டினாள்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். பிறகு காலால் தன் வலப்பக்க நாற்காலியை வெளியே தள்ளினார்.

"அங்க உக்காந்து பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்? இந்தப் பக்கம் வா."

தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.