கதவில் ஒட்டிய வாக்குத்தத்தம்

கடப்பேரி, தாம்பரம்
9-2-1988

கர்த்தருக்குள் பிரியமான மகள் பட்டுவுக்கு அப்பா எழுதுவது. தேவகிருபையால் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் நீ நர்ஸ், நம்பமாட்டாய். எனக்கு முட்டி வலி, அம்மாவுக்கு இளைப்பு, பழைய கதைதான். ரயில்வேயில் ரிட்டையர் ஆனால் ஓய்வு என்றார்கள், இங்கே தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு அலைவதே பெரிய டூட்டியாகிவிட்டது. நீ அங்கே வடக்கே நல்லபடியாக இருக்க தினமும் மன்றாடுகிறோம். கிறிஸ்துமஸுக்கு முன்னே நீ போட்ட கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. உன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பிரேம் மசியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். என்ன எழுதுவதென்று தெரியாமல் கிடந்தேன் அம்மா. உன் அம்மாவோ, "பாஷை தெரியாத புள்ளைங்கள பேரன்னு எப்டிய்யா தூக்கிக் கொஞ்சறது, அதுங்க இன்னா கேக்குதுன்னே எனக்குப் புரியாதே" என்று புலம்பித் தீர்த்துவிட்டாள்.

போன வருஷப் பிறப்பு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று அம்மா தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையைப்பற்றி எழுதியிருந்தேனே, எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரம், பதினோராம் வசனம், உங்களுக்கு நல்லதையே நினைத்திருக்கிறேன் என்று ஆண்டவர் சொல்வது. அதைக் கதவில் ஒட்டி, போகும்போதும் வரும்போதும் தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் கறுத்துப்போய்விட்டது. அது போதாதென்று பெருங்களத்தூர்ப் பக்கம் ஓர் உபவாசக் கூட்டத்தில் யாரோ ஒரு ஊழியக்காரர் அவள் தலையில் கைவைத்து, இரண்டே வருஷத்தில் உன் மகள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள் என்று தீர்க்கதரிசனம் சொல்லிவிட்டார். நானும் நம்பினேன், நம்பாமல் என்ன செய்ய. குரோம்பேட்டையில் ஒரு நர்ஸிங்ஹோமில் உனக்கு வேலைகூடச் சொல்லிவைத்தேன்.

இந்த ஞாயிறு சபையில் வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. பாடம் அதே இருபத்தொன்பதாம் அதிகாரம். நம் வசனம்தானே என்று முன்கூட்டிப் புரட்டிப் பார்க்காமலே போய் நின்றேன். பார்த்தால் அது ஒரு கடிதம் பட்டு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எருசலேமில் உட்கார்ந்து எழுதியது. அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்கள் மகள்களைக் கட்டிக்கொடுங்கள், அந்த ஊருக்காக ஜெபியுங்கள், அது நன்றாயிருந்தால் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்று எழுதியிருக்கிறார். மகள்கள் என்று வருகிற வரியை என்னையறியாமல் இரண்டு தடவை வாசித்துவிட்டேன். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா தலை நிமிர்ந்து என்னையே பார்த்தாள். எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பக் கூட்டிவருவேன் என்பது பத்தாம் வசனம், அதற்கு அடுத்ததுதான் நம் கதவில் இருப்பது. எப்படியோ வாசித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து முந்தின அதிகாரத்தையும் பார்த்தேன். அங்கே அனனியா என்று ஒரு பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்கிறான், ஜனங்களுக்கும் அதுதான் இனிக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ கை வெச்சு ஜெபம் பண்ண ஐயா சொன்னது பொய்யா" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நாம் கிறிஸ்தவர்கள் இப்படித்தான் பட்டு, கடிதத்தில் தித்திப்பான ஒரு வரியைக் கிழித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம். பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி உன்னையும் அங்கே உட்காரவைத்துவிட்டோம். அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் யாரும் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். எழுதினவரும் அந்த நாளைப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு அசதியாக இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் எழுதினாரே. நானும் எழுதுகிறேன். அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள். வீடு பார். வாசலில் ஒரு முருங்கைக் கொம்பாவது நடு. கல்யாணத்துக்கு நாங்கள் ரயிலேறி வருகிறோம், இரண்டு நாள் உட்கார்ந்தால் முட்டி என்ன செய்யுமோ பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா சம்மதித்தாளா என்று கேட்பாய். வாயால் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்கால ஜெபத்தில், என் பொண்ணை அந்த ஊரிலிருந்து வெளியே கொண்டுவாரும் என்று வழக்கமாக அழுகிற இடத்தில் நின்றுவிட்டாள். பிறகு, "ஆண்டவரே, அந்த ஊரு நல்லா இருக்கணும், அங்க தண்ணி கஷ்டம் வரக்கூடாது" என்று ஆரம்பித்து, மூடின கண்ணைத் திறக்காமலே என் பக்கம் சாய்ந்து, "யோவ், அந்த ஊரு பேரு இன்னாய்யா" என்றாள். சொன்னேன். அவள் வாயில் நுழையவில்லை. எனக்கும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வருகிறது.

சமாதானத்தின் தேவன் உன்னையும் அந்தப் பிள்ளையையும் காப்பாராக. மறந்துவிடாதே, அடுத்த கடிதத்தில் உன் ஊர்ப் பேரைத் தமிழில் பெரிய எழுத்தாக எழுதி அனுப்பு. அம்மாவுக்குக் கதவில் அட்டைக்குக் கீழே ஒட்ட வேண்டுமாம்.

உன் அப்பா,
ஏசுபாதம்
(அம்மா கிளியம்மாளின் முத்தங்களும்)