சொர்ணாவோட கறுப்புத் தகடு

மைசூர்
12.7.98

குங்குமம் வெச்சா கம்ப்யூட்டர் தகடு கெட்டுப்போகும்னு எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்க மாப்பிள்ளை? ஆயுத பூஜைக்கு இந்த ஊருல சிட்டி பஸ்ஸுக்கு வெக்கறாங்க, தையல் மிஷினுக்கு வெக்கறாங்க, கறிக்கடைக் கத்திக்குக்கூட வெக்கறாங்க. எதுவும் நின்னுபோகலை. எம்மக சொர்ணலதா டைப் அடிச்சு வெச்சுட்டுப் போன தகடு அது. அவ போட்டோவுக்குக் கீழ ஏழு வருசமா வெச்சிருந்தேன். வருசம் ஒருக்கா சந்தனம், குங்குமம். அதுவும் மேல இருக்கற பேப்பர் உறையிலதான். சித்திரையில நீங்க வந்து வாங்கிட்டுப் போறப்ப வாயத் தெறக்கலை. இப்ப "உங்க குங்குமம் என் பொண்டாட்டிய ரெண்டாந்தடவை கொன்னுடுச்சு"ன்னு எழுதறீங்க. மூணாங்கிளாஸ் படிச்சவன்தானேன்னு எது வேணா எழுதலாமுங்களா?

உங்க ஆபீசுப் புதுக் கம்ப்யூட்டர் தெறக்கலைன்னா அது அதோட கொழுப்பு. புதுசா வந்த மருமக பழைய மாமியார் பேச்சக் கேக்குதா? தகட்ட தபால்ல இங்க அனுப்புங்க. சொர்ணா வேலை பாத்த டைப்பிங் செண்டர் நஞ்சுண்டசாமி இன்னும் கடை வெச்சிருக்காரு. பிரசவத்துக்கு வந்தப்ப அவ அங்க போயித் தட்டுன பழைய மிஷின் பின்னால துணி மூடிக் கிடக்குது.

பேத்தி அனுப்ரியாவுக்குப் பல்லு விழுந்துச்சுங்களா? தாத்தனுக்கும் ரெண்டு விழுந்துச்சுன்னு சொல்லுங்க. யாருக்கு மொதல்ல மொளைக்குதுன்னு பந்தயம்.

உங்க மாமன்
அய்யாவு


ஈரோடு
21.7.98

அன்புள்ள மாமாவுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஃப்ளாப்பியை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ஆபீசில் அதைத் திறந்தால் திரை முழுக்கக் கட்டமும் குறியும்தான் வருகிறது. ஒவ்வொரு வார்த்தையிலும் கடைசி எழுத்து போய், அந்த இடத்தில் பூச்சி மாதிரி ஏதோ ஒன்று நிற்கிறது. பாதிக்கு மேல் அதுவும் இல்லை. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறாள். நடுவில் 'பாப்பா' என்பது போல ஒரு வார்த்தை வந்தது. வயிற்றில் இருந்தவளுக்கு எழுதியிருக்கிறாள் மாமா. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அம்மா எப்படிப் பேசுவாங்க என்று அனுப்ரியா தினமும் கேட்கிறாள். என்னிடம் சொர்ணாவின் குரல் இல்லை, கையால் எழுதிய நாலு வரிகூட இல்லை. பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். பத்தொன்பது நாள் குழந்தையோடு தனியாகத் திரும்பி வந்தேன். கடைசி மூன்று மாதம் அவள் என்ன நினைத்தாள், என்ன பேசினாள், எதுவும் எனக்குத் தெரியாது. எப்படியாவது எடுத்துக் கொடுங்கள். இதையாவது விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தசரா லீவுக்கு அவளை மைசூருக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்
முரளிதரன்


மைசூர்
16.8.98

மாப்பிள்ளைக்கு அய்யாவு எழுதிக்கிறது.

தகடு தெறந்துச்சுங்க! பழைய மிஷின் மேல இருந்த துணிய எடுத்தா உள்ள பல்லி முட்டை. நஞ்சுண்டசாமி ரெண்டு நாள் மெனக்கெட்டு அதுக்கு உசுரு குடுத்தாரு. "நிம்ம குங்குமா ஏனூ மாடில்லா அஜ்ஜா"ன்னுட்டாரு. குங்குமம் ஒண்ணும் பண்ணலையாம். தீர்ப்பு என் பக்கம், நீங்க அபராதமா ஒரு கிலோ ஈரோட்டு மஞ்சள் அனுப்பணும். சொர்ணா டைப் அடிக்கறதுக்கு வெச்சிருந்த பழைய ப்ரோக்ராம் ஒவ்வொரு வார்த்தையிலயும் கடைசி எழுத்து மேல ஏதோ ஒரு அடையாளம் போட்டு வெக்குமாம். புதுசுக்கு அது புரியலையாம். பழசுல போட்டா பளிச்சுனு நிக்குது.

மொத்தம் ரெண்டு பக்கம். பிரிண்டு எடுத்துக் கவருக்குள்ள தனியா மடிச்சு வெச்சிருக்கேன். அதை இப்பப் பிரிக்காதீங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க.

எனக்கு இங்கிலீசு எழுத்து வராது. கடையில சோனியான்னு ஒரு பொண்ணு, அப்பன் ஆத்தா கௌதள்ளிக்காரங்க, வீட்டுல பேசறது தமிழு. அதுக்குத் தமிழ் எழுத்து வராது. இங்கிலீசு எழுத்துல இருந்தா தமிழு சரளமா வருது. ஆளுக்குப் பாதி அறிவு. அது படிச்சுச்சு, நான் ஸ்டூல்ல உக்காந்து கேட்டேன். "பாப்பா, உங்கப்பா போடற டீ வெந்நி மாதிரி இருக்கும். குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லிடு, பாவம்"னு இருந்துச்சு. கடையே சிரிச்சுதுங்க. அப்படியே அவ பேசற மாதிரி.

ரெண்டாம் பக்கத்துல பாதி படிச்சுட்டு சோனியா நிறுத்திடுச்சு. "தாத்தா, இத நீங்களே படிச்சுக்கங்க"ன்னுது. எனக்குப் படிக்கத் தெரிஞ்சா உன்ன எதுக்குடி கெஞ்சறேன், படின்னேன்.

என் லெட்டர்ல இது மூணாம் பக்கம் மாப்பிள்ளை. சோனியா படிச்சத அப்படியே எழுதறேன், கூட்டிப் படிச்சுக்கங்க.

"படுத்தா மூச்சு முட்டுது பாப்பா. காலு ரெண்டும் வீங்கிடுச்சு. தாத்தாகிட்ட சொன்னேன், சிரிக்கறாரு. நீ பொறந்து வந்து அவரு காதப் புடிச்சுத் திருகு."

இதான் அது.

திடீர்னு போயிட்டான்னு உங்ககிட்டச் சொன்னேன். திடீர்னு இல்லைங்க. ஒரு மாசமா சொல்லிட்டிருந்தா. என் சம்சாரம் பொன்னம்மா இருந்திருந்தா மொகத்தப் பாத்தே புரிஞ்சிருக்கும். அப்பவே அவ போயி மூணு வருசம், வீட்டுல நான் ஒருத்தன்தான். "அப்பா, அவருக்கு ஒரு லெட்டர் போடட்டா?"ன்னு கேட்டா. "புருசன வரவெக்க நாடகமா கண்ணு? மொதப் பிரசவம் அப்பன் வீட்டுப் பொறுப்பு. அவர எதுக்கு அலைய விடணும்?"னு கேலி பண்ணிட்டேன். அவளும் சிரிச்சா. மூச்சு வாங்கிட்டே சிரிச்சா. இருதயத்துல கோளாறு, முன்னாலயே கூட்டிட்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு பெரியாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு. அதையும் நான் முழுங்கிட்டேன்.

நாலாம் பக்கம். நஞ்சுண்டசாமி நல்ல மனுசன். "அஜ்ஜா, அந்த நாலு வரிய அழிச்சுட்டு வேற பிரிண்டு தரட்டா? ஒரு பட்டன்தான். யாருக்கும் தெரியாது"ன்னாரு. சரின்னு சொல்ல வாயத் தெறந்துட்டேன். அப்பறம் வேண்டாம்னு பிரிண்ட வாங்கி மடிச்சுட்டேன். அவ பேச்சு பூமியில மிச்சம் இருக்கறது ரெண்டு பக்கம். அதுலயும் நாலு வரிய என் பயத்துக்குத் தின்னக் குடுக்கறதா?

என்னத் திட்டுங்க. நேர்ல வந்து நாலு பேர் முன்னால திட்டுங்க. தசரா லீவுக்கு மட்டும் புள்ளைய அனுப்பிருங்க. ஒரு நாள் இருந்தாப் போதும். அவளுக்குக் கை எட்டாதுன்னு சொல்லாதீங்க, நான் கீழ உக்காந்துக்கறேன். ஆத்தாகாரி சொன்ன வேலைய அவ செஞ்சுட்டுப் போகட்டும்.

உங்க மாமன்
அய்யாவு


ஈரோடு
29.8.98

பிரிண்ட் வந்தது. எடுத்துக்கொண்டேன்.

அனுப்ரியா அங்கே வர மாட்டாள். எழுத வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மூன்றாம் பக்கம் முடிய வாசித்தேன். நாலாம் பக்கத் தாளிலும் ஏதாவது கேலி இருக்கும். அதை வாசிக்கவில்லை. இதனுடன் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன்.

முரளிதரன்